சரித்திரப் படங்களுக்குப் பிழைப் பட்டியல் போடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் உங்கள் வீடியோக்களையும் கட்டுரைகளையும் பல வருஷமாக விடாமல் பார்த்து வருகிறேன். ஒரு சரித்திரப் படம் வெளியானால் மறுநாளே, அந்தக் காலத்து வாள் இப்படி இருக்காது, இந்த நகை அப்போது கிடையாது என்று எடுத்துச் சொல்கிறீர்கள். அதிலிருந்து நான் நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அந்த நன்றியை மனதில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் என் அக்கா மகள் லீவுக்கு வந்திருந்தாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு சாயங்காலம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து, 2001இல் வந்த 'எ நைட்ஸ் டேல்' படத்தைப் பார்த்தோம். பிரையன் ஹெல்கலண்ட் எழுதி இயக்கியது, ஹீத் லெட்ஜர் நடித்தது. கதை நடப்பது 14ஆம் நூற்றாண்டில். நைட் என்று சொல்லப்படும் கவசம் பூட்டிய குதிரைவீரர்கள் இரண்டு பேர் எதிரெதிராகக் குதிரையை விரட்டி வந்து ஈட்டியால் மோதிக்கொள்ளும் பந்தயம்தான் களம். படம் தொடங்கிச் சில நிமிஷத்தில், பந்தயத் திடலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் மரப்பலகையைத் தட்ட ஆரம்பிக்கிறார்கள். இரண்டு தட்டு, ஒரு கைதட்டல். குவீன் குழு 1977இல் போட்ட 'வீ வில் ராக் யூ' பாட்டு அது. அதைப் பல் விழுந்த கிழவர்களும் குடியானவர்களும் சேர்ந்து அடிக்கிறார்கள். என் அக்கா மகளின் மடியில் சுண்டல் தட்டு இருந்தது. அவளுக்கே தெரியாமல் அவள் விரல் எவர்சில்வர் தட்டின் விளிம்பில் அதே தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. நான் படத்தை விட்டுவிட்டு அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்ததும், அதில் வரும் ஆங்கிலக் கவிஞர் சாசர் யார், நிஜமாகவே இருந்தாரா, நாயகன் தன் பெயராகச் சொல்லிக்கொள்ளும் உல்ரிக் என்று ஒருவர் இருந்தாரா என்று துளைத்து எடுத்தாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தேடிப் பார்த்தோம். இரண்டு நாள் கழித்து முகம் வாடி வந்தாள். உங்களைப் போன்ற ஒருவருடைய வீடியோவைப் பார்த்திருக்கிறாள். "மாமா, இது ஒண்ணுமே தெரியாம எடுத்த படமாமே. பாட்டு தப்பு, டான்ஸ் தப்பு, டிரெஸ் தப்பு, எல்லாமே தப்பாம்" என்றாள். அவள் குரலில் இருந்தது ஏமாற்றம் இல்லை, வெட்கம். தனக்குப் பிடித்துப்போனதை நினைத்து வெட்கப்பட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதலில் பாட்டை எடுத்துக்கொள்வோம். 14ஆம் நூற்றாண்டில் மின்சார கிடார் கிடையாது. சரி. வயலின் மட்டும் இருந்ததா? இன்றைய வடிவத்தில் வயலின் இத்தாலியில் உருவானதே 16ஆம் நூற்றாண்டில்தான். நாற்பது ஐம்பது வயலின்கள் ஒன்றாக எழுந்து முழங்கும் பெரிய இசைக்குழு அதற்கும் வெகுகாலம் கழித்து வந்தது. நீங்கள் முழு மதிப்பெண் கொடுக்கும் எத்தனையோ படங்களில் குதிரைப்படை கிளம்பும்போது பின்னால் அந்த இசைக்குழுதான் வாசிக்கிறது. அதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. காது பழகிப்போன முரண் நமக்கு முரணாகவே படுவதில்லை. இந்தப் படம் செய்ததெல்லாம், பழகாத ஒன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்ததுதான். ஈட்டிப் பந்தயம் பார்க்க வந்த அன்றைய கூட்டத்துக்கு உடம்பில் என்ன ஓடியிருக்கும்? கிரிக்கெட் மைதானத்தில் கடைசி ஓவரில் நமக்கு ஓடுவதுதான். அதை நம் உடம்புக்குக் கடத்த ஹெல்கலண்டுக்கு ஒரு தாளம் தேவைப்பட்டது. சுண்டல் தட்டு வரைக்கும் அது வந்து சேர்ந்ததே!

நடனக் காட்சியை இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நாயகன் வில்லியம் கூரை வேய்பவரின் மகன். செத்துப்போன எஜமானனின் கவசத்தைப் போட்டுக்கொண்டு, பிரபு வீட்டுப் பிள்ளை என்று பொய் சொல்லிப் பந்தயத்தில் நுழைந்தவன். விருந்தில் எதிராளி அவனை மடக்கப் பார்க்கிறான், உங்கள் ஊர் நடனத்தை ஆடிக் காட்டு என்கிறான். வில்லியம் தடுமாறி ஆரம்பிக்கும்போது ஒலிப்பது பழைய பாணி இசை. ஆட்டம் பிடிபட ஆகத்தான் அந்த இசை கொஞ்சம் கொஞ்சமாக உருமாறி டேவிட் போவியின் 'கோல்டன் இயர்ஸ்' ஆகிறது. எந்த இடத்தில் மாறியது என்று விரல் வைத்துச் சொல்வது கஷ்டம். பயத்தில் விறைத்த கால்கள் இளகும் நேரமும் இசை இளகும் நேரமும் ஒன்று. காலம் தெரியாதவர்களால் அப்படி ஒரு மாற்றத்தைத் தைக்க முடியாது.

கவசத்துக்கு வருகிறேன். கேட் என்ற கொல்லர் பெண் தான் அடித்த கவசத்தில் பதிக்கும் குறி இன்றைய நைக்கி சின்னம் மாதிரி இருக்கிறது என்பது உங்கள் பட்டியலில் தவறாமல் வரும் ஒன்று. மிலான் நகரத்துப் பேர்பெற்ற கவசக் கொல்லர்கள் தங்கள் முத்திரையைத் தகட்டில் அடித்துத்தான் விற்றார்கள். யார் செய்த கவசம் என்பது அன்றைக்கும் பெருமைதான், விலையும் அதைப் பொறுத்ததுதான். அந்தச் செய்தியைப் படம் ஒரே ஒரு கோட்டில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது.

இனி, உங்களோடு ரொம்ப நாளாகப் பேச ஆசைப்பட்ட விஷயம். அந்தக் காலத்து மனிதர்கள் இந்தப் படத்தைப் பார்த்தால் முகம் சுளித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அவர்கள் நடத்திய பந்தயங்களைப் பாருங்கள். 1331இல் லண்டன் சீப்சைட் தெருவில் நடந்த பந்தயத்துக்கு இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டும் அவருடைய வீரர்களும் தார்த்தாரியர் (மங்கோலியர்) வேஷத்தில் வந்தார்கள். அரசி ஃபிலிப்பா உட்கார்ந்திருந்த மேடை அன்றைக்குச் சரிந்து விழுந்தது. தச்சர்களைத் தண்டிக்க வேண்டாம் என்று அரசியே மன்றாடிக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். 1343இல் ஸ்மித்ஃபீல்டில் ஒரு பக்கத்து வீரர்கள் போப்பாண்டவராகவும் பன்னிரண்டு கார்டினல்களாகவும் வேஷம் கட்டிக்கொண்டு ஈட்டி பிடித்தார்கள். மறுவருஷம் விண்ட்ஸரில் அதே எட்வர்டு, பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னரின் வட்டமேசையை மறுபடி உண்டாக்குவேன் என்று சபதம் செய்தார். வேறு தேசம், வேறு காலம் என்று எல்லாவற்றையும் எடுத்து உடம்பில் மாட்டிக்கொண்டு விளையாடிய ஜனங்கள் அவர்கள். காலக் கலப்பு அவர்களுடைய கேளிக்கையின் உயிர்.

வில்லியம் கடன் வாங்கிய பெயருக்குச் சொந்தக்காரரான உல்ரிக் வான் லிச்டென்ஸ்டைன் நிஜ மனிதர், 13ஆம் நூற்றாண்டுக் கவிஞர், வீரர். காதலிக்காக வீனஸ் தேவதை போலப் பெண் வேஷம் கட்டி, பின்னலைத் தொங்கவிட்டுக்கொண்டு, 1227இல் வெனிஸ் பக்கமிருந்து வடக்கே ஊர் ஊராக ஈட்டிப் பந்தயம் ஆடிக்கொண்டே போனதாக அவரே பாட்டாக எழுதி வைத்திருக்கிறார். இதை அப்படியே படமாக எடுத்தால் நம்பவே முடியாது என்று முதல் பிழையாகக் குறித்திருப்பீர்கள். நாயகி ஜோஸ்லின், என் மேல் அன்பு இருந்தால் தோற்றுக் காட்டு என்று சொல்கிறாளே, அது இன்றைய திரைக்கதைத் தந்திரம் என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். 12ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கவிஞர் க்ரெத்தியன் எழுதிய லான்ஸ்லாட் என்ற வீரனின் கதையில் அவன் காதலி அரசி கினவிர் அதே கட்டளையைத்தான் இடுகிறாள். இந்தப் படத்தை எடுத்தவர்கள் படித்திருக்கிறார்கள். படித்துவிட்டுத்தான் விளையாடியிருக்கிறார்கள்.

அப்புறம் சாசர். படத்தில் வில்லியமுக்குக் கட்டியம் கூறுபவராக வரும், பால் பெட்டனி நடித்த அந்தப் பாத்திரம் துணியில்லாமல் நடுரோட்டில் நடந்து அறிமுகமாவதையும், மல்யுத்த அறிவிப்பாளர் மாதிரி மேடையில் முழங்குவதையும் பார்த்துவிட்டு, மகாகவியை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று வருத்தப்பட்டீர்கள். நிஜமான ஜெஃப்ரி சாசர் அரசாங்கக் கட்டட வேலைகளின் மேற்பார்வையாளராக இருந்தபோது, 1390இல் ஸ்மித்ஃபீல்டில் நடந்த பந்தயங்களுக்குப் பார்வையாளர் மேடை போடும் பொறுப்பு அவர் தலையில்தான் விழுந்தது. பந்தயத் திடலின் மரப்பலகை அவருக்கு அந்நியமில்லை. இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. படத்தின் தலைப்பு அவருடைய கேன்டர்பரி கதைகளில் வரும் முதல் கதையின் தலைப்பு. அந்தக் கதை எங்கே நடக்கிறது தெரியுமா? பழைய கிரேக்கத்து ஏதென்ஸில். புராண காலத்துத் மன்னன் தீசியஸை சாசர் தன் காலத்து ஐரோப்பியப் பிரபுவைப் போல 'டியூக்' ஆக்கிவிட்டார். ஒரே பெண்ணுக்காக மோதும் இரண்டு பேரை, ஆளுக்கு நூறு நைட்டுகளோடு, தன் காலத்துக் கவசத்தையும் ஈட்டியையும் கொடுத்துப் பந்தயத்தில் இறக்கிவிட்டார். ஏதென்ஸில் ஏது டியூக், ஏது நைட்? தன் வாசகனுக்கு எது ரத்தத்தைச் சூடாக்குமோ அதை எடுத்துப் பழங்கதைக்கு உடுத்தினார். அறுநூறு வருஷம் கழித்து ஹெல்கலண்ட் அதே வேலையை சாசருக்கே திருப்பிச் செய்திருக்கிறார்.

நமக்கு இது புரியாத விஷயமா? தெருக்கூத்தில் கட்டியக்காரன் துரியோதன மகாராஜா வருகிறார் என்று திரை பிடித்துக் கூவிவிட்டு, அடுத்த மூச்சில் ரேஷன் கடை வரிசையைப் பற்றிப் பேசுகிறார். துவாபர யுகத்தில் ரேஷன் கார்டு ஏது என்று விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும் எந்தப் பாட்டியும் கேட்டதில்லை. ஜமக்காளத்தில் தூங்கி வழிந்த பிள்ளைகள் அந்த நேரத்தில்தான் எழுந்து உட்காரும். படத்தில் சாசர் பார்க்கும் வேலை அச்சு அசல் கட்டியக்காரனுடையது.

எல்லாவற்றையும் மன்னித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 'பிரேவ்ஹார்ட்' படத்தில் 13ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து வீரர்கள் கில்ட் என்ற மடிப்புப் பாவாடை கட்டிக்கொண்டு சண்டை போடுகிறார்கள், அந்த உடை வந்தது 16ஆம் நூற்றாண்டு வாக்கில். ஸ்டர்லிங் பாலத்துச் சண்டையில் பாலத்தையே காணோம். படத்தின் நாயகன் வாலஸைக் காதலிப்பதாகக் காட்டும் இளவரசி இசபெல்லாவுக்கு, அவர் கொல்லப்பட்ட 1305இல் சுமார் பத்து வயதுதான். அந்தப் படம் இதுதான் நடந்தது என்ற முகத்தோடு நம்மைப் பார்க்கிறது. பார்த்தவன் நம்பிவிடுவான். அங்கே உங்கள் பட்டியல் தேவை, கட்டாயம் தேவை. 'எ நைட்ஸ் டேல்' பார்த்துவிட்டுக் குவீன் குழு எட்வர்டு காலத்தில் வாசித்தது என்று ஒரு குழந்தைகூட நம்பாது. ஒளித்து வைத்த பொய்யையும் கையில் தூக்கிக் காட்டிய பொம்மையையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இந்தப் படத்திலேயே குறை சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது. கறுப்பு மரணம் என்ற கொள்ளைநோய் 1348இல் இங்கிலாந்துக்குள் நுழைந்து ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே கொண்டுபோனது. படத்தின் காலம் அதற்கு ஒரு தலைமுறை பிந்தியது, அந்த இழப்பின் சாயல் எங்கேயும் இல்லை. கேட்டுக்கு நெருப்பும் சுத்தியலும் கொடுத்த படம், ஜோஸ்லினுக்கு அழகான தொப்பிகளைத் தவிர அதிகம் கொடுக்கவில்லை. ஏழை மகன் பிரபுவாகும் கனவுக்கும் கடைசியில் ஒரு இளவரசனின் கருணைதான் கதவு திறக்கிறது. இதையெல்லாம் பேசுங்கள், நானும் வந்து உட்கார்ந்து கேட்கிறேன். கிடாரோடு நின்றுவிடுவதால் இந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் போகிறது.

அடுத்த முறை பட்டியல் போடும்போது ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இது தெரியாமல் செய்ததா, தெரிந்தே செய்ததா, தெரிந்தே செய்திருந்தால் எதற்காக என்று ஒரு வரி சேர்ப்பீர்களா? உங்கள் வீடியோவைப் பதினாறு வயதுப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அவர்களுக்கு சாசரைத் தேடிப் போக வழிகாட்ட உங்களால் முடியும், அந்த அளவுக்குப் படித்தவர்கள் நீங்கள்.

முடிப்பதற்கு முன்னால் ஒரு காட்சி. சாசர் முதல்முறையாகத் தன் எஜமானனைக் கூட்டத்துக்கு அறிமுகப்படுத்தி, தொண்டை கிழியப் பேசி முடிக்கிறார். கூட்டம் கம்மென்று இருக்கிறது. படம் எடுத்தது பிராகில். துணை நடிகர்கள் செக் ஜனங்கள், இங்கிலீஷ் பேச்சு புரியாததால் எங்கே ஆரவாரம் செய்வது என்று தெரியவில்லை. அந்த நீண்ட அமைதிக்குள் வில்லியமின் தோழன் ரோலண்டாக நடித்த மார்க் அடி ஒரு சத்தம் போடுகிறார், அப்புறம்தான் திடலே அதிர்கிறது. அந்தத் தடுமாற்றத்தை வெட்டாமல் படத்தில் அப்படியே வைத்திருக்கிறார்கள். நேற்று ராத்திரி அக்கா மகளுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னாள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாசகன்