டின்னில் வந்த அறுப்பு

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள எஸ்தருக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். அக்டோபர் பிறந்ததுமே குளிர் முட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டது, அது ஒன்றுதான் குறை. நீ கேட்ட ஸ்வெட்டர் பாதி பின்னியாயிற்று. கை இரண்டும் ஒரே நீளத்தில் வருமா என்று மட்டும் கேட்காதே.

போன வெள்ளிக்கிழமை பேத்தியின் பள்ளிக்கூடத்தில் அறுப்பின் பண்டிகை. ஆமாம்டி, நம்மூர் கோயிலில் விளைச்சலைக் காணிக்கையாகப் படைப்போமே, அதே அறுப்பின் பண்டிகைதான். நமக்கு இதைக் கொண்டுவந்தவர்களே இவர்கள்தானே என்று நினைப்பாய். ஆனால் இங்கேயும் கோயிலில் இதை இப்போதைய முறையில் கொண்டாடத் தொடங்கியது 1843இல்தானாம். கார்ன்வால் பக்கம் மார்வென்ஸ்டோ என்ற ஊரில் ஹாக்கர் என்றொரு பாதிரியார் ஆரம்பித்து வைத்திருக்கிறார். செப்டம்பர் கடைசியில் பகலும் இரவும் சமமாக வரும் நாளை ஒட்டிய பௌர்ணமிக்கு அறுப்பு நிலா என்று பெயர். அதை அனுசரித்துத்தான் பண்டிகை.

ஒரு வாரம் முன்னாலேயே பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தது. இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கும் பக்கத்து உணவு வங்கிக்குக் கொடுக்கப்போகிறோம், பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவரவும் என்று. மகள் வேலைக்குப் போகிற அவசரத்தில், "அலமாரியில ஏதாவது இருக்கும், எடுத்துக் குடும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மூலையில் ஒரு பயறு டின் இருந்தது. பைக்குள் போடப் போனேன். பேத்தி வாங்கி, தலைகீழாகத் திருப்பி, தேதியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். முடிந்து ஏழு மாதம். எனக்கு முகம் செத்துப்போயிற்று. காணிக்கைக்கென்று சொத்தைத் தேங்காய் கொண்டுவருகிறவர்களை நாம் இரண்டுபேரும் என்ன பேச்சுப் பேசியிருப்போம்! உடனே கடைக்குப் போய், அவளுக்குப் பிடித்த பீச் பழ டின்னாகவே இரண்டு வாங்கிக் கொடுத்தேன்.

அன்றைக்கு ஹால் மேடையில் பார்த்தால் எல்லாம் டின், பாக்கெட், அட்டைப்பெட்டி. அறுத்தது என்று சொல்ல இரண்டே இரண்டுதான். யாரோ தோட்டத்தில் விளைந்த பெரிய பூசணிக்காய் ஒன்று. நடுவில் கோதுமைக் கதிர்க்கட்டு மாதிரியே செய்து சுட்ட ரொட்டி ஒன்று. ஒவ்வொரு கதிரிலும் கத்தரிக்கோலால் நறுக்கி மணி மணியாக எடுத்துவிட்டிருந்தார்கள். கதிரின் தாளில் ஒரு குட்டி எலி ஏறிக்கொண்டிருந்தது, அதுவும் மாவில் செய்ததுதான். அப்படிச் செய்வது இங்கே பழைய வழக்கமாம். நம் பக்கம் எலி என்றால் வரப்பை வெட்டிப் பிடிப்பார்கள், இவர்கள் படையலிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் உணவு வங்கியிலிருந்து வந்த அம்மா பேசினார். வயது நம் வயதுதான் இருக்கும். கேட்கிறவர்களுக்கெல்லாம் அங்கே கொடுத்துவிடுவதில்லை. டாக்டரோ பள்ளிக்கூடமோ வேறு உதவி நிலையமோ சீட்டு எழுதித் தரவேண்டும். அதைக் கொண்டுபோனால் மூன்று நாளைக்கு உண்டான சாமான். பாஸ்தாவும் பீன்ஸும் எங்களிடம் மலையாகக் கிடக்கிறது, குறைவது பழ டின்னும் கெடாத பாலும் ஷாம்பூவும்தான் என்றார். அடுத்துச் சொன்னதுதான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. சில வீடுகளுக்கு வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற சாமானாகப் பார்த்துத் தனிப்பெட்டி போடுகிறார்களாம். அடுப்பு இருக்கும், மீட்டரில் போடக் காசு இருக்காது. இங்கே பல வீடுகளில் முன்பணம் கட்டினால்தான் கரண்டும் கேஸும். அதுகூட முடியாதவர்களுக்கு, சூடே காட்டாமல் தின்னக்கூடிய பெட்டி ஒன்று. டின்னைக்கூட வளையத்தை இழுத்துத் திறக்கிற மாதிரி வாங்கிக் கொடுங்கள் என்றார்.

லண்டனில் பஞ்சமா என்று நீ சிரிப்பாய். நானும் அப்படி நினைத்தவள்தான். ட்ரஸ்ஸல் என்ற அமைப்பு 2000இல் சாலிஸ்பரியில் ஒரு உணவு வங்கி தொடங்கியது. 2023-24இல் அவர்களுடைய வங்கிகள் மட்டும் கொடுத்த பெட்டிகள் 31 லட்சம். அந்த ஹாலில் டின் கொண்டுவந்து வைத்த பிள்ளைகளிலேயே யார் வீட்டுக்கு அந்தப் பெட்டி போகிறதோ, யாருக்குத் தெரியும்? லண்டன் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 2023 செப்டம்பரிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு இலவசம் என்று கேட்டபோது, நாம் தட்டைத் தூக்கிக்கொண்டு காமராஜர் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றதுதான் ஞாபகம் வந்தது. நம்மைவிட எத்தனை வருஷம் பிந்திவிட்டார்கள், பார்.

பூசணிக்காயை உணவு வங்கி எடுத்துக்கொள்ளவில்லை. பச்சைக் காய்கறி வைக்க இடமில்லையாம். நம் கோயிலில் காணிக்கையாக வந்ததை ஏலம் விடுவோமே, அந்த ஞாபகத்தில் எனக்குக் கை துறுதுறுத்தது. "ஏலம் போடச் சொல்லேன், நல்ல காசு வரும்" என்று மகள் காதில் கிசுகிசுத்தேன். "அம்மா, சும்மா இரு" என்றாள். நம் உபதேசியார் அந்த மேடையில் நின்றிருந்தால் விட்டிருப்பாரா? ஒரு கோழிமுட்டையை ஒருதரம், இரண்டுதரம் என்று இழுத்து இழுத்து, எடுத்தவரையே வெட்கப்படுத்தித் திரும்ப ஏலத்துக்குக் கொடுக்க வைத்து, மூன்று முட்டைக் காசை ஒரே முட்டையில் பார்த்துவிடுவாரே. உங்கள் அப்பா வாழைத்தாரை எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் உங்கள் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது மறந்துபோச்சா? கடைசியில் பூசணிக்காய் பள்ளிக்கூடத்துச் சமையலறைக்குப் போய் சூப்பாயிற்று. உப்பே இல்லை என்று பேத்தி சொன்னாள்.

சரி, நம் கோயிலில் இந்த வருஷம் பண்டிகை என்றைக்கு? அசன விருந்து உண்டா? ஏலத்தில் என் பேரில் ஒரு நாட்டுக்கோழி எடு. விலை ஏறினால் ஏறட்டும், விடாதே. பணத்தைத் தம்பியிடம் கொடுத்துவிடச் சொல்கிறேன். எடுத்த கோழியைத் திரும்பவும் ஏலத்திலேயே விட்டுவிடு, குழம்பு வைத்துவிடாதே.

உன்
வசந்தா