ரத்தம் எடுக்கும் முன் ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் முடி உதிர்வு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தலையில் தடவும் மினாக்சிடிலோடு சத்து மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டால் பலன் கூடும் என்று எழுதியிருந்தார்கள். சரி, எந்தச் சத்து, யாருக்கு? அது இல்லை. அப்படிப்பட்ட மாத்திரைகளில் இருக்கும் பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் ரத்தப் பரிசோதனையில் செய்யும் குளறுபடி பற்றியும் ஒரு வரி இல்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு லேபில் 19 வருஷமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். நானே இதில் மாட்டியவள் என்பதால் எழுதுகிறேன்.

போன வருஷம் ஐப்பசியில் எனக்கு டெங்கு வந்தது. தை பிறந்ததும் சீப்பை வைத்தால் முடி கொத்தாக வந்தது. பெரிய காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டுவதும், பிறகு தானே நிற்பதும் வழக்கம்தான். ஆனால் எனக்கு வகிடு அதற்கு முன்பே அகலமாகிக்கொண்டு வந்தது. தோல் மருத்துவரிடம் போனேன். ஹீமோகுளோபின் 10.2, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் 9. இரண்டுமே குறைவு. மினாக்சிடில் 5 சதவீதம், இரும்புச் சத்து மாத்திரை, கூடவே 10 மில்லிகிராம் பயோட்டின் எழுதித் தந்தார். இரும்பு எனக்குத் தேவையாகவே இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மினாக்சிடில் தொடங்கிய முதல் மாதம் முன்னைவிட அதிகமாகக் கொட்டியது. அப்படித்தான் இருக்கும், நாலைந்து மாதம் விடாமல் போட்டால்தான் தெரியும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தைரியமாக இருந்தேன்.

நாலாவது மாதம், வேலைக்கு நடுவில், என் ரத்தத்தையும் தைராய்டு டெஸ்டுக்குப் போட்டேன். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் 0.06, ரொம்பக் குறைவு. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 எல்லையைத் தாண்டி மேலே. தைராய்டு தாறுமாறாகச் சுரக்கிறது என்று அர்த்தம். எனக்கோ படபடப்பு இல்லை, கை நடுக்கம் இல்லை, எடை இரண்டு கிலோ கூடித்தான் இருந்தது! மெஷினைச் சந்தேகப்பட்டேன். மெஷினைச் சோதிக்க, அளவு தெரிந்த மாதிரியை வைத்துக் காலையில் போட்ட கன்ட்ரோல் சரியாக இருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த பொது மருத்துவர் தைராய்டை அடக்கும் மாத்திரையை எழுதவே பேனாவை எடுத்துவிட்டார். "சார், ரெண்டு நாள் பொறுங்க" என்று ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன்.

டெஸ்டுக்கான ரசாயனப் பெட்டியோடு (கிட்) வரும் தாளை எத்தனை வருஷமாகப் பிரிக்கிறேன்! அதில் பொடி எழுத்தில் இருக்கிறது: தினம் 5 மில்லிகிராமுக்கு மேல் பயோட்டின் எடுப்பவரிடம், கடைசி மாத்திரை போட்டு 8 மணி நேரமாவது ஆகாமல் ரத்தம் எடுக்காதீர்கள் என்று. நான் காலை மாத்திரை போட்டு மூன்று மணி நேரத்தில் எடுத்திருந்தேன். மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி போட்டதில் டிஎஸ்எச் 2.4. எனக்கு தைராய்டு கோளாறே இல்லை.

நடப்பது இதுதான். இந்த வகை மெஷின்களில் பயோட்டின்தான் பசை மாதிரி. நாம் அளக்க வேண்டியதை அதுதான் பிடித்து ஒட்டவைக்கிறது. ரத்தத்திலேயே பயோட்டின் நிறைய இருந்தால் ஒட்டும் இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். டிஎஸ்எச் குறைந்து காட்டும், டி4 கூடிக் காட்டும். எல்லா மெஷினிலும் இப்படி ஆகாது. எந்த லேபில் எந்த மெஷின் என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் தைராய்டு டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்தச் சொல்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கம்.

தைராய்டோடு போனால் பரவாயில்லை. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் டெஸ்டும் சில மெஷின்களில் இதே முறைதான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதைப் பற்றி எச்சரித்தபோது, ட்ரோபோனின் தவறாகக் குறைந்து காட்டி, பயோட்டின் எடுத்துவந்த ஒருவர் இறந்ததையும் சொன்னது. நெஞ்சுவலியோடு வருகிறவரிடம் இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று சொல்ல முடியுமா? அங்கே நோயாளியோ வீட்டாரோ முதலிலேயே சொன்னால்தான் உண்டு.

இத்தனைக்கும் ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும். நான் விழுங்கியது அதைப்போல 300 மடங்குக்கு மேல். குறைபாடு இல்லாதவருக்கு இதனால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. நான் அதை விட்டுவிட்டேன். இரும்பையும் மினாக்சிடிலையும் விடவில்லை.

இன்னொன்று. தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடும் பெண்கள் பலர், வேலை முடியட்டும் என்று முடிக்கான மாத்திரையையும் அதோடு சேர்த்துக் காலையில் விழுங்குகிறார்கள். அதில் இரும்போ கால்சியமோ இருந்தால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

பயோட்டின் எழுதும் மருத்துவர்கள், டெஸ்டுக்கு இரண்டு நாள் முன் நிறுத்தவும் என்று சீட்டிலேயே ஒரு வரி சேர்க்கலாம். லேப்காரர்களும் சாப்பிட்டாச்சா என்று கேட்பதோடு இதையும் கேட்கலாம். எங்கள் லேபில் பில் போடும் இடத்தில் 'முடி, நகத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?' என்று எழுதி ஒட்டிவிட்டேன். முதல் வாரமே நாலு பேர் ஆமாம் என்றார்கள். அதில் ஒரு தம்பி தாடி வளர்வதற்காகச் சாப்பிடுகிறாராம்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்,
திண்டுக்கல் மாவட்டம்
(பெயரை வெளியிட வேண்டாம்)