வெள்ள முன்னறிவிப்பு வந்தால் பயணத்தை நிறுத்துங்கள்: நம் தமிழ்ச் சங்கத்தின் சுற்றுலாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுற்றுலாக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை அமெரிக்காவின் அரிசோனாவில், பேசன் ஊருக்கு அருகிலுள்ள ஓடைக்கு நாம் போய்வந்த பயணம் பற்றி வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எழுதியதைப் படித்தேன். "ஒரு சிறு தடங்கலைத் தவிர இனிமையான நாள், ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி" என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழேயே ஆகஸ்ட் பயணத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி அழைப்பு. அந்தத் தடங்கல் ஓடையில் வந்த திடீர் வெள்ளம் என்று உங்களுக்குத் தெரியும்; நீங்களும் அந்த ஓடைக்கரையில்தான் நின்றீர்கள். முழுக்கதையையும் இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. என் கோரிக்கை ஒன்றுதான்: திடீர் வெள்ள முன்னறிவிப்பு வந்த நாளில் எந்த ஓடைக்கும் எந்தப் பள்ளத்தாக்குக்கும் நம் குடும்பங்களை அழைத்துச் செல்லாதீர்கள்.

அன்று காலையிலேயே அமெரிக்க தேசிய வானிலைச் சேவை அப்படியொரு முன்னறிவிப்பை வெளியிட்டிருந்தது. நான் அதைக் குழுவில் பகிர்ந்தேன். "பேசனில் வானம் பளிச்சென்று இருக்கிறது, யாரும் பயமுறுத்த வேண்டாம்" என்று உங்களில் ஒருவர் பதில் எழுதினார். பளிச்சென்றுதான் இருந்தது. அரிசோனாவில் பருவமழைக் காலத்துக் காலைப்பொழுது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று வெயிலில் காய்ந்த மலைச்சரிவுகளில் மேலெழுந்து, நண்பகலுக்குப் பிறகுதான் இடிமேகமாகத் திரளும். மழை மேலே மலையில் கொட்டும். வெள்ளமோ ஒரு துளிகூட விழாத இடத்தில் நிற்பவர்களை வந்து அடிக்கும்.

தென்காசிப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த அந்த அம்மாவைப் பற்றி மட்டும் எழுதியாக வேண்டும். கணுக்கால் அளவு நீரில் காலை நனைத்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். மகன் குழந்தையோடு சற்றுத் தள்ளி இருந்தார். தண்ணீர் கலங்கியது, பைன் மர ஊசியிலைகளும் கருகிய சுள்ளிகளும் மிதந்து வந்தன. மேலே இருந்தவர்கள் கரையேறச் சொல்லி ஆங்கிலத்தில் கத்தினார்கள். விளையாட்டுக்குக் கத்துகிறார்கள் என்று நினைத்து அவர் சிரித்தார். அந்த இடத்தில் யாருடைய கைபேசிக்கும் சிக்னல் இல்லை. முழங்கால் வலியால் அவரால் தானாக எழவும் முடியவில்லை. நம் இளைஞர்கள் இருவர் ஓடிப்போய்த் தூக்கியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் எழுத முடியவில்லை. சில நிமிடங்களில் அவர் உட்கார்ந்திருந்த பாறை கண்ணுக்குத் தெரியவில்லை.

நடுக்கம் தீராமல் காரில் உட்கார்ந்தபடி அவர் கேட்டார்: "மேலே மழை என்றால் குற்றாலத்திலேயே குளிக்க விடமாட்டார்களே, இங்கே சொல்ல ஆள் இல்லையா?" எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. சொல்ல ஆள் இருந்தது, காலையிலேயே சொல்லியும் விட்டது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? அருவியோரம் வளர்ந்தவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றதை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம்.

இங்கும் நமக்கு முன்னால் நடந்தவை உண்டு. 2017 ஜூலை 15 அன்று, இதே பேசனுக்கு அருகில் எலிசன் ஓடையில் பிறந்தநாள் கொண்டாட வந்திருந்த ஒரே குடும்பத்தில் 10 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறு குழந்தைகளும் இருந்தார்கள். அதற்கு முந்தைய மாதம் காட்டுத்தீயில் எரிந்த சரிவுகளில், பல மைல் மேலே பெய்த மழை அது. எரிந்த மண் நீரை உறிஞ்சாது. பெய்த மழை சாம்பலையும் மரக்கட்டைகளையும் வாரிக்கொண்டு அப்படியே இறங்கும். எச்சரிக்கை அன்றும் வெளியானது. சிக்னல் இல்லாத ஓடைக்கு அது போய்ச் சேரவில்லை. அதனால்தான் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடிவெடுங்கள் என்கிறேன். ஓடையில் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது.

ஆகஸ்ட் பயணம் பேஜ் நகர்ப் பக்கத்துக் குறுகிய பள்ளத்தாக்குக்கு என்று அறிவித்திருக்கிறீர்கள். செலவைக் குறைக்க வழிகாட்டி வேண்டாம் என்றும் முடிவு செய்திருக்கிறீர்கள். அதே பக்கத்தில்தான், ஆன்டிலோப் பள்ளத்தாக்கில், 1997 ஆகஸ்ட் 12 அன்று 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அந்த மழையும் மைல்களுக்கு அப்பால் பெய்ததுதான். இரு கைகளையும் விரித்தால் இருபுறமும் சுவர் இடிக்கும் இடங்களில், தண்ணீர் வந்தால் எங்கே ஏறுவது? இன்று அந்தப் பள்ளத்தாக்குக்குள் நவஹோ பழங்குடி வழிகாட்டிகள் இல்லாமல் யாரும் போக முடியாது. வழிகாட்டி தேவைப்படாத வேறொரு பிளவை நீங்கள் தேடிக் கண்டுபிடித்திருப்பது எனக்கு அச்சத்தைத் தருகிறது.

சென்ற சனிக்கிழமை திரும்பும் வழியில் வெள்ளம் ஓடிய சாலையில், தடுப்பைச் சுற்றிக்கொண்டு முன்னால் போன காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான கார்களை அடித்துச் செல்ல இரண்டு அடி ஓடும் நீர் போதும். தடுப்பை மீறிச் சிக்கிக்கொண்டவரிடம் மீட்புச் செலவை வசூலிக்க அரிசோனாவில் சட்டமே இருக்கிறது. அந்தக் காரில் பிள்ளைகள் இருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று குழுவில் நாள்கணக்கில் விவாதிக்கிறோம். ஒரே வண்ணச் சட்டைக்கு வாக்கெடுப்பு நடத்துகிறோம். வெள்ளம் என்று ஒருவர் எழுதினால் மட்டும் அவர் பயந்தாங்கொள்ளி ஆகிவிடுகிறார். ஊரிலிருந்து வரும் பெற்றோர் நம்மை நம்பித்தான் காரில் ஏறுகிறார்கள். இங்குள்ள எச்சரிக்கைப் பலகையை அவர்களால் படிக்க முடியாது. கைபேசியில் அலறும் அறிவிப்பும் அவர்களுக்குப் புரியாது. அவர்களுக்குத் தமிழில் இரண்டு வரி எழுதிச் சொல்லக்கூட நம் சங்கத்தில் ஆள் இல்லை என்றால், நாம் தமிழ்ச் சங்கம் நடத்துவது யாருக்காக?

வார்த்தைகள் கடுமையாகிவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளமில்லாமல், சொந்த நேரத்தைக் கொடுத்து நீங்கள் உழைப்பதை நான் மறக்கவில்லை. மீண்டும் பணிவோடு கேட்கிறேன்: முன்னறிவிப்பு வந்தால் பயணத்தை நிறுத்துங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரையிலான பருவமழைக் காலத்தில் ஓடைகளையும் பள்ளத்தாக்குகளையும் பட்டியலிலேயே சேர்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது. பீனிக்ஸ் இசைக்கருவி அருங்காட்சியகமும் ஃபிளாக்ஸ்டாஃப் லோவெல் வானாய்வகமும் இருக்கின்றன. முதியவர்களும் பிள்ளைகளும் அங்கே மகிழ்ச்சியாகவே பொழுதைக் கழிப்பார்கள். ஆகஸ்ட் பயணத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், இந்த மடலை அடுத்த உறுப்பினர் கூட்டத்தில் வாசித்து, உங்கள் முடிவை எல்லோருக்கும் எழுத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
அந்தப் பயணத்தில் உடன் வந்த உறுப்பினர்
பீனிக்ஸ்