வல்லாரையும் கணினி தரும் புள்ளியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வல்லாரை மறதிநோயைக் குணப்படுத்தும் என்று கணினி ஆய்வில் நிரூபணமாகிவிட்டது என்ற பாணியில் செய்திகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. வல்லாரைச் சம்பலை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அதை நம்பி ஒரு வீட்டில் அல்சைமர் நோயாளியின் குளிசையை நிறுத்திவிட்டால் பாதிப்பு அவருக்குத்தான். அந்தக் கணினி ஆய்வில் என்ன நடக்கிறது என்பதை விளக்கவே இக்கடிதம்.

பெரும்பாலும் நடப்பது டொக்கிங் (docking), அதாவது ஒரு மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணித்துப் பார்ப்பது. நரம்புக் கலங்களிடையே செய்தி கடத்தும் அசற்றைல்கோலினை உடைக்கும் நொதியத்தின் முப்பரிமாண வடிவத்தைப் புரதத் தரவு வங்கியிலிருந்து இலவசமாக இறக்கலாம். அல்சைமர் மருந்தான டொனெபெசில் உள்ளே பொருந்தியிருக்கும் மனித நொதியத்தின் குறியீடு 4EY7. டொக்கிங் செய்யும் ஒட்டோடொக் வினா (AutoDock Vina) மென்பொருளும் இலவசம். சாதாரண மடிக்கணினி போதும். அது மூலக்கூறை நொதியத்தின் குழிக்குள் பலவாறு திருப்பி வைத்துப் பார்த்து, எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று ஒரு புள்ளி தரும். புள்ளி பூச்சியத்துக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு இறுக்கம். அந்தப் புள்ளியின் நியமப் பிழையே மோலுக்கு ஏறத்தாழ 2.85 கிலோகலோரி. ஆகவே −9.1 பெற்ற மூலிகை −8.6 பெற்ற மருந்தை வென்றது என்று எழுதுவதற்கு இடமே இல்லை.

மூலக்கூறு பெரிதானால் தொடுகை கூடும், புள்ளியும் தானாக மேம்படும். வல்லாரையிலுள்ள ஏசியாற்றிக்கோசைட்டில் ஐதரசன் நீங்கலாக 67 அணுக்கள், டொனெபெசிலில் 28. முன்னதன் மூலக்கூற்று நிறை 959. மூளைக்குள் எளிதில் புகும் மருந்துகள் பெரும்பாலும் 450க்கு உட்பட்டவை. அதிலுள்ள மூன்று சர்க்கரைகளும் குடலில் கழன்று ஏசியாற்றிக் அமிலமாகிவிடுவதால், குருதியில் முக்கியமாகச் சேர்வது அந்த அமிலமே. டொக்கிங்கில் வைக்க வேண்டியதும் அதைத்தான். இதைக் கவனியாத ஆய்வு, வயிற்றைத் தாண்டாத பொருளைப் பற்றிய ஆய்வு.

இதைச் செய்யும் மாணவர்கள் முதலில் டொனெபெசிலையே வெளியே எடுத்து, அதன் வடிவத்தைப் புதிதாக உருவாக்கி, மறுபடி பொருத்திப் பார்க்கட்டும். தரவு வங்கியிலுள்ள பளிங்கு வடிவத்தில் அது இருந்த நிலைக்கு 2 அங்ஸ்ரத்துக்குள் (ஓர் அங்ஸ்ரம் மில்லிமீற்றரின் கோடியில் ஒரு பங்கு) வராவிட்டால் அமைப்பில் பிழை. பழைய வடிவத்தையே கொடுத்தால் வளையங்களும் பிணைப்புக் கோணங்களும் விடையைச் சுமந்தே வரும், சோதனை பொய்யாகும். மென்பொருள் தேட வேண்டிய இடத்தைக் குறிக்கும் பெட்டியின் பக்கம் 22 முதல் 25 அங்ஸ்ரம் போதும். முழுப் புரதத்தையும் அடைத்துவிட்டு, தேடலின் ஆழத்தை (exhaustiveness) இயல்பான 8இலேயே விட்டால் ஓட்டத்துக்கு ஓட்டம் விடை மாறும். 32 ஆக்கி, வெவ்வேறு தொடக்க எண்களுடன் (seed) மூன்று முறையாவது ஓட்டுங்கள். எல்லா நீர் மூலக்கூறுகளையும் கண்ணை மூடிக்கொண்டு அழிப்பதும் தவறு: டொனெபெசில் சில இடங்களில் நீர் வழியாகத்தான் நொதியத்தைத் தொடுகிறது. டொனெபெசிலின் நைதரசன் நேர் மின்னேற்றம் பெற்று நொதியத்தின் நறுமண (அரோமற்றிக்) வளையத்தோடு கொள்ளும் ஈர்ப்பை வினா மென்பொருள் தனியாகக் கணக்கிடுவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

பார்க்கின்சன் நோயின் அல்பா சினியூக்கிளின் போன்ற புரதங்களில் நிலைமை இன்னும் மோசம். தனித்து இருக்கும்போது அவற்றுக்கு நிலையான மடிப்பே இல்லை. ஒரேயொரு வடிவத்தில் மருந்தைப் பொருத்திக் காட்டும் படங்கள் அழகானவை, அவ்வளவுதான்.

இவையெல்லாம் சரியாக அமைந்தாலும் அதைக் ‘குணம்’ என்று சொல்ல முடியாது. டொனெபெசிலே நரம்புக் கலங்கள் அழிவதை நிறுத்துவதில்லை. மிஞ்சியிருக்கும் அசற்றைல்கோலினை அதிக நேரம் தங்கவைக்கிறது. சளிக்கு வாங்கும் குளோர்பெனிராமின் குளிசை அந்தப் பலனுக்கு எதிராக வேலை செய்யும் என்பதை எழுதினால், அது நோயாளி வீட்டாருக்கு உடனடியாக உதவும்.

சித்த மருத்துவமும் கணினி அறிவியலும் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. இரு பக்கத்தாரும் சேர்ந்தால் டொக்கிங்கில் தேறியதை எல்மன் முறையில் சோதிக்கலாம்: நொதியம் வேலை செய்தால் மஞ்சள் நிறம் தோன்றும், 412 நனோமீற்றரில் அதை அளப்பார்கள். இலைச்சாறு தானே நிறமுள்ளது என்பதால் நொதியம் இல்லாத கிண்ணம் ஒன்றும் வேண்டும். சாறைக் கரைக்கும் டைமெதில் சல்பொக்சைட்டே இந்த நொதியத்தை மட்டுப்படுத்துவதால், சாறு சேர்க்காத கிண்ணத்திலும் அதே அளவு அது இருக்க வேண்டும். ‘நிரூபணம்’ என்ற சொல்லைத் தலைப்பில் இடுமுன், இந்த இரண்டு கிண்ணங்களும் இருந்தனவா என்று உங்கள் நிருபர்கள் ஆய்வாளரிடம் கேட்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கணினி உயிரியல் கற்பிப்போர் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.