பெயரை நம்பிப் பந்தி வைக்காதே

அன்பு மாப்ளே,

உன் கடிதமும் கூடவே அந்தக் கட்டம் போட்ட பட்டியலும் வந்து நாளாகிறது. பதில் போடாததற்கு என்னைத் திட்டி முடித்திருப்பாய். மிச்சம் இருந்தால் இதையும் படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லாரும் சுகம். வாத்தியாருக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் விருந்துக்கு உங்கள் குடியிருப்பில் தமிழ், மலையாள, கன்னட, தெலுங்கு வீட்டுச் சமையலோடு அந்தக் கொழும்புக் குடும்பத்துச் சமையலையும் ஒரே பந்தியில் வைப்பது அருமையான யோசனை. பாத்திரத்துக்குப் பாத்திரம் பெயர் அட்டை, அட்டையின் பின்பக்கம் செய்முறை. அதுவும் நல்லதுதான். ஆனால் நீ என்ன செய்திருக்கிறாய்? இடது ஓரத்தில் தமிழ்ப் பெயர், அதற்கு நேரே மற்ற நாலு மொழிப் பெயர். ரசத்துக்கு நேரே சாறு, சாரு. பச்சடிக்கு நேரே நாலு மொழியிலும் பச்சடி. டெபுடி கையெழுத்துப் போட்ட ஃபைல் மாதிரி வெகு சுத்தமாக இருக்கிறது. உள்ளே பாதி தப்பு.

முதல் வரியிலேயே ஆரம்பிக்கிறேன். ஆந்திர வீட்டில் ‘சாரு’ என்றால் பெரும்பாலும் நம் ரசம்தான், விட்டுவிடலாம். ‘பப்புசாரு’ என்று வந்தால் அது பருப்பு கரைத்த புளிக்குழம்பு, நம் சாம்பாருக்குப் பக்கத்து வீடு. கன்னடத்து ‘சாரு’ இன்னும் அகலமானது. திளி சாரு ரசம் போலத் தெளிவாக இருக்கும். பஸ்ஸாரு வேறு ஜாதி. கீரையும் பருப்பும் வேகவைத்து, தண்ணீரைத் தனியே வடித்து, மசாலா அரைத்துவிட்டு அந்தத் தண்ணீரைக் குழம்பாக்குவார்கள். வடிகட்டியில் நின்றதைத் தாளித்துத் தேங்காய் போட்டால் பல்யா. ஒரே அடுப்பில் இரண்டு பதார்த்தம், கேழ்வரகுக் களிக்கு இரண்டும் ஆகும். ஒரு கப் பருப்புக்கு ஐந்தாறு கப் தண்ணீர் வைக்க வேண்டும், பருப்பு மலர வேண்டும், குழையக் கூடாது. குக்கரில் நாலு விசில் விட்டால் வடிக்க ஒன்றும் மிஞ்சாது, பல்யாவும் களிம்பாகிவிடும். இதை ‘ரசம்’ என்று அட்டையில் எழுதி வைத்தால் அந்த வீட்டம்மா உன்னை என்ன நினைப்பார்? மலையாளத்தில் ‘சாறு’ ஒரு பதார்த்தமே இல்லை, கறியில் நிற்கிற குழம்புத் தண்ணீர். அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு ரசம் என்றே எழுது, அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பச்சடி இதைவிட மோசம். நமக்கு அது தயிரில் போட்ட வெள்ளரி, இல்லாவிட்டால் சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடி. தெலுங்கில் அது துவையல். கோங்குரா பச்சடி என்றால் புளிச்சகீரையை எண்ணெயில் வதக்கிக் காய்ந்த மிளகாயோடு இடித்தது, தயிர்ப்பச்சடி என்று நினைத்து ஒரு கரண்டி வாயில் போடுகிறவன் எழுந்து ஓட வேண்டியதுதான். நம் தயிர்ப்பச்சடி அவர்களுக்குப் ‘பெருகு பச்சடி’. மலையாளப் பச்சடியில் தயிர் உண்டு, ஆனால் காயை வேகவைத்து, தேங்காய், பச்சை மிளகாய் அரைத்துச் சேர்த்து, பச்சைக் கடுகைக் கடைசியில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, அடுப்பை அணைத்த பிறகுதான் தயிர் ஊற்றுவார்கள். கடுகை முதலிலிருந்தே சேர்த்து மைய அரைத்தால் கசந்துவிடும். கர்நாடகத்தில் நம் தயிர்ப்பச்சடிக்கு ‘மொசரு பஜ்ஜி’ என்று பெயர். அதை நீ எண்ணெய்ப் பலகாரங்களோடு சேர்த்துப் ‘பஜ்ஜி’ வரிசையில் வைத்திருக்கிறாய். வயிறு வலிக்கச் சிரித்தேன், போ. அதற்கு மேல் ‘சௌசௌ பாத்’துக்குச் சௌசௌ காய் கால் கிலோ என்று கணக்கு வேறு! ஒரு கரண்டி காரா பாத் (நம் ரவா உப்புமா), ஒரு கரண்டி கேசரி பாத் (நம் ரவா கேசரி), இரண்டும் ஒரே தட்டில். அவ்வளவுதான் சௌசௌ பாத். காயை வாங்கித் தொலைத்திருந்தால் கூட்டுக்குப் போடு. கடையில் கன்னடத்தில் கேட்பதானால் அந்தக் காய்க்குப் பெயர் சீமெ பதனெக்காய்.

இப்போது எனக்கு நிஜமாகவே ஆர்வமான இடம். இடியாப்பத்துக்கு நேரே கொங்கு நாட்டுச் சந்தகை, கன்னடத்து ஒத்து சாவிகெ, மலையாளத்து நூல்புட்டு, ‘இந்தி ஆப்ப’ என்று ஐந்தையும் ஒரே சரத்தில் கோத்திருக்கிறாய். (கொழும்புக்காரர்களின் ‘இந்தி ஆப்ப’வைப் பார்த்து யாரும் கொடி பிடிக்க வேண்டாம், சிங்களத்தில் அதுதான் பெயர்.) தட்டில் பார்த்தால் ஐந்தும் நூல்தான். ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பதில் இவை இரண்டு குடும்பமாகப் பிரிகின்றன. பிழிந்த பிறகு வேகவைப்பது ஒன்று, வேகவைத்த பிறகு பிழிவது இன்னொன்று. இடியாப்பம், நூல்புட்டு, இந்தி ஆப்ப மூன்றும் முதல் குடும்பம். சந்தகை, சாவிகெ இரண்டாவது. நம் பக்கத்துச் ‘சேவை’யும் அங்கேதான் சேரும்.

முதல் குடும்பத்தில் மாவு வறுத்ததாகவோ ஆவியில் வேகவைத்துச் சலித்ததாகவோ இருக்க வேண்டும். இரண்டு கப் மாவுக்கு இரண்டிலிருந்து இரண்டரை கப் தண்ணீர், மாவின் வயதைப் பொறுத்து. தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே மாவில் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளற வேண்டும். ஆறின தண்ணீர் ஊற்றினால் மாவு ஒட்டாது, நூல் துண்டு துண்டாக விழும். தண்ணீர் கூடினால் பிழிகிற நாழியிலிருந்து சுலபமாக வரும், வெந்ததும் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். தட்டில் மெல்லிய அடுக்காகப் பிழிந்து ஆறு முதல் எட்டு நிமிடம் ஆவி. கொழும்பு வீட்டில் பெரும்பாலும் சிவப்பரிசி மாவு, பிழிவதும் சின்னச் சின்னப் பின்னல் தட்டுகளில். தட்டுக்கு அடியிலும் ஆவி புகுவதால் நடுப்பகுதி பச்சையாக நிற்காது.

சந்தகைக்கு உலர்ந்த மாவே கிடையாது. இட்லி அரிசியை நாலு மணி நேரம் ஊறவைத்து, உப்புப் போட்டு, தண்ணீர் அதிகம் விடாமல் மைய அரைத்து, புளிக்க விடாமல் அன்றைக்கே இட்லித் தட்டில் ஊற்றி வேகவைக்க வேண்டும். பன்னிரண்டு பதினைந்து நிமிடம். கை ஈரமாக்கித் தொட்டால் ஒட்டக் கூடாது. வெந்த இட்லியைச் சூடு குறையாமல் நாழியில் போட்டு அழுத்துவதுதான் முழு வித்தையும். ஆறினால் சோறு விறைக்கிற மாதிரி மாவும் விறைத்துப்போகும். அப்புறம் நாழியில் தொங்கினாலும் இறங்காது. அரைத்ததில் நறநறப்பு இருந்தால் நூல் அறும். ஒத்து சாவிகெயில் அரைத்த மாவை அடுப்பில் கெட்டியாகக் கிளறி, உருண்டை பிடித்து, அதை வேகவைத்துப் பிழிகிறார்கள். பாதை கொஞ்சம் மாறினாலும் சட்டம் அதேதான்: சூட்டோடு சூடாக.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. இடியாப்பத்தை முன்னாலேயே செய்து வைத்துப் பந்தி நேரத்தில் மறுபடி ஆவி காட்டலாம். சந்தகையைச் சுடச்சுடப் பிழிந்துதான் ஆக வேண்டும், பிழிந்த பிறகு நிற்கும், எலுமிச்சை, தேங்காய் என்று தாளித்து வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே பெயரில் போட்டு ஒரே ஆளிடம் கொடுத்தால், ஏதோ ஒன்று நாசம்.

தொட்டுக்கொள்ளச் ‘சொதி’ என்று மட்டும் எழுதியிருக்கிறாய். எந்தச் சொதி? திருநெல்வேலிச் சொதி என்றால் பாசிப்பருப்பு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், மூன்று பால் எடுத்த தேங்காய், சோற்றுக்கு ஊற்றிக்கொள்கிற மறுவீட்டுச் சாப்பாடு. யாழ்ப்பாணத்துச் சொதி தண்ணீராக இருக்கும். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், தேங்காய்ப்பால், இறக்கிய பிறகு எலுமிச்சை. இடியப்பத்துக்கு இதுதான். இரண்டுக்கும் ஒரு விதி பொது: அடுப்பில் கொதிக்கும்போது எலுமிச்சை பிழிந்தால் பால் திரிந்துவிடும்.

மோர்க்குழம்பு வரி கிட்டத்தட்ட சரி. கன்னடத்தில் மஜ்ஜிகெ ஹுளி, தெலுங்கில் மஜ்ஜிக புலுசு, மலையாளத்தில் புளிசேரி. முதல் இரண்டும் பெயரிலேயே அண்ணன் தம்பி, மோரும் புளிப்பும். பின்பக்கச் செய்முறைதான் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. நம்மிடம் இரண்டு கப் புளித்த மோருக்கு ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பு, ஒரு தேக்கரண்டி பச்சரிசி ஊறவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாயோடு அரைப்போம். கர்நாடகத்தில் கடலைப்பருப்பும் தனியாவும், காய்க்கு வெள்ளைப் பூசணி. ஆந்திராவில் பல வீடுகளில் கடலை மாவைக் கரைத்து விட்டுவிடுவார்கள். பருப்போ மாவோ வெறும் கெட்டிக்கு மட்டும் இல்லை, சூட்டில் மோர் திரியாமல் பிடித்து வைப்பதும் அதுதான். புளிசேரியில் அந்தக் காவல் கிடையாது, தேங்காயும் சீரகமும் மட்டுமே. அதனால் தயிரை நன்றாகக் கடைந்து ஊற்றி, சிறுதீயில் கை விடாமல் கிளறி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். திரிந்துவிடுமோ என்று பயந்து பருப்பு சேர்த்தால் திரியாது, ஆனால் அது நம் மோர்க்குழம்பாகிவிடும்.

செய்முறைகளில் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது ‘சர்க்கரை ஒரு கப்’. யார் வீட்டுச் சர்க்கரை? மலையாளி ‘சர்க்கர’ என்றால் வெல்லம், வெள்ளையானது பஞ்சசார. கன்னடத்தில் ‘சக்கரெ’ வெள்ளை, வெல்லம் பெல்ல. தெலுங்கில் பஞ்சதார வெள்ளை, பெல்லம் வெல்லம். கொழும்பில் வெள்ளைக்குச் சீனி, நம் தென்மாவட்டம் மாதிரியே. நாமோ சர்க்கரைப் பொங்கலில் வெல்லத்தைப் போட்டுவிட்டுக் காபியில் போடுவதையும் சர்க்கரை என்கிறோம். அடைப் பிரதமனுக்கு (அரிசி அடைத் துண்டு போட்ட மலையாளப் பாயசம்) வெள்ளைச் சர்க்கரை போட்டால் அது அடைப் பிரதமனே இல்லை. வெல்லமாக இருந்தால் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அடையோடு சேர்த்து வற்றவைத்து, பிறகு இரண்டாம் தேங்காய்ப்பால். முதல் பாலை இறக்கும் நேரத்தில்தான் ஊற்ற வேண்டும், கொதித்தால் எண்ணெய் தனியே பிரியும். எல்லா அட்டையிலும் ‘வெல்லம்’ அல்லது ‘சீனி’ என்று மட்டும் எழுது. சர்க்கரை என்ற சொல்லையே எடுத்துவிடு.

இதுவரை கிண்டல். இனி வருவதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாதே. கொழும்பு வீட்டுத் தேங்காய்ச் சம்பலை ‘தேங்காய்ச் சட்னி’ என்று எழுதிச் சைவ மேசையில் வைத்திருக்கிறாய். அதில் மாசிக்கருவாட்டுத் தூள் சேர்ப்பது அங்கே சர்வ சாதாரணம். சீனிச் சம்பலிலும் அப்படித்தான், பெயரில் சீனி இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதே. மாசி இல்லாமலும் செய்வார்கள், கேட்டுத் தெரிந்துகொண்டு எழுது. கன்னடத்துச் ‘சாரு’ கோழிச் சாருவாகவும் இருக்கலாம். ‘கறி’யும் அதே வம்பு: நம்மில் பலருக்கு அது ஆட்டுக்கறி, மலையாளிக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் கத்தரிக்காயும் கறிதான். வாழ்நாள் முழுக்க மரக்கறி சாப்பிட்டுவிட்டு வந்த ஒரு பாட்டி உன் அட்டையை நம்பி ஒரு வாய் வைத்தால், அதற்கு நீ சொல்கிற மன்னிப்பு எதற்கும் ஆகாது.

கள்ளப்பமும் இந்த வகைதான். நீ ‘கல்லப்பம்’ என்று எழுதி, பின்னால் ‘தோசைக்கல்லில் சுடும் அப்பம்’ என்று விளக்கமும் கொடுத்திருக்கிறாய். கல்லில்தான் சுடுகிறார்கள், ஆனால் பெயர் வந்தது கள்ளால். மாவைப் புளிக்கவைப்பது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, ஆகவே உங்கள் ஊரில் ஈஸ்டும் தேங்காய்த் தண்ணீரும்தான். இரண்டு கப் பச்சரிசிக்கு அரை கப் சோறு, ஒரு கப் தேங்காய்த் துருவல், கால் தேக்கரண்டி ஈஸ்ட். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகத்தை மாவு பொங்கிய பிறகு அரைத்துக் கலக்கச் சொல். அட்டையில் ‘கள் சேர்க்கவில்லை’ என்று ஒரு வரி இருக்கட்டும், பெயரின் காரணம் தெரிந்தவர்கள் கேட்பார்கள்.

ஆகவே அந்தக் கட்டத்தைக் கிழித்துப் போடு. எந்த வீடு செய்கிறதோ அந்த வீட்டார் வாயால் சொல்கிற பெயர் பெரிய எழுத்தில், தமிழில் எழுதினால் போதும். கீழே எப்படிச் செய்தது என்று ஒரு வரி: அரைத்ததா, வடித்ததா, புளித்ததா. அதற்கும் கீழே மீன், முட்டை, பால், வேர்க்கடலை உண்டா இல்லையா. நம் ஊர்ப் பெயர் பொருந்தினால் மட்டும் ‘நம் குழிப்பணியாரம் மாதிரி’ என்று ஓரத்தில் சேர். கன்னடத்துப் ‘பட்டு’, தெலுங்கில் ‘குண்ட பொங்கனாலு’ இரண்டுக்கும் அது பொருந்தும். ‘பொங்கனாலு’வைப் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாயே, அதை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

திருத்திய பட்டியலை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் எனக்கு ஒரு முறை அனுப்பு. சந்தகை நாழி உங்கள் குடியிருப்பில் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தாயா? ஒன்று போதாது. ஒருவர் பிழியும்போது இன்னொரு ஈடு ஆறிக்கொண்டிருக்கும். மூன்று கால் போட்ட பெரிய நாழியாக இரண்டு, அழுத்துவதற்குத் தோள் பலமுள்ள ஆள் நாலு பேர். நம் சிநேகிதன் ‘உருளை’யைக் கூப்பிடு, வருவான்.

உன்,
மச்சான்