வாத்தியாரின் பெட்டிக்கு ஒரு அறை கொடுங்கள்

மாநில விளையாட்டுத் துறையிலும் அருங்காட்சியகத் துறையிலும் பொறுப்பில் இருக்கும் பெரியோர்களுக்கு வணக்கம்.

வடசென்னைக் குத்துச்சண்டை பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்தத் தேவையில்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்ற குத்துச்சண்டைப் பரம்பரைகளின், அதாவது வாத்தியார் வழி வரும் அணிகளின், பெயர்கள் இன்று கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிற பையனுக்கும் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு ஒரு அறை வேண்டும். ராயபுரமோ காசிமேடோ வியாசர்பாடியோ புளியந்தோப்போ, எங்கே இருந்தாலும் சரி, மழை ஒழுகாத ஒரு அறை. பழைய பாக்ஸர்களின் கிளவுஸ், போட்டோ, நோட்டீஸ், அவர்களுடைய பேச்சு எல்லாவற்றையும் பத்திரமாக வைப்பதற்கு.

இத்தனை வருடம் பேசாமல் இருந்த என்னை எழுத வைத்தது ஒரு தகரப் பெட்டி.

அது எங்கள் குத்துச்சண்டை வாத்தியாருடையது. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலை முடிந்து வந்ததும் என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு வாத்தியார் பயிற்சி கொடுக்கிற இடத்துக்குப் போவார். மணல் மூட்டை ஒன்று தொங்கும். பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நிற்பார்கள். வாத்தியார் கையைப் பார்க்கவே மாட்டார், காலைத்தான் பார்ப்பார். "கால் தப்பா நின்னா கை எங்க போயி சேரும் நைனா?" என்பார். இடைவேளையில் உட்கார்ந்தால் அமெரிக்க பாக்ஸர் ஜோ லூயி கதை. 1937 முதல் 1949 வரை ஹெவிவெயிட் பட்டத்தை ஒருத்தரும் அவரிடமிருந்து பிடுங்க முடியவில்லை, 25 முறை அதைக் காப்பாற்றிக்கொண்டார், அவர் குத்து ஆறு அங்குலம்தான் நகரும், எதிராளி விழுந்த பிறகுதான் குத்தியதே தெரியும் என்று சொல்லிவிட்டு, தன் முஷ்டியை என் மூக்குக்கு முன்னால் ஆறு அங்குலம் நகர்த்திக் காட்டுவார். வெள்ளைக்கார பாக்ஸர் டெரியை நம்ம கித்தேரி முத்து வீழ்த்திய கதையைச் சொல்லும்போது மட்டும் எழுந்து நின்றுவிடுவார். உட்கார்ந்துகொண்டு சொல்லும் கதையில்லை அது.

போன வருடம் புரட்டாசியில் வாத்தியார் போய்ச் சேர்ந்தார். 82 வயது. அதற்கு ஆறு மாதம் முன்னால் என்னைக் கூப்பிட்டு, "இதெல்லாம் கவர்மெண்டுல குடுத்துடு நைனா. வூட்ல இருந்தா கரையான் தின்னுடும்" என்று பெட்டியைக் காட்டினார். திறந்தால் இரண்டு ஜோடி கிளவுஸ். குதிரை முடி அடைத்த பழைய காலத்து கிளவுஸ், தோல் வெடித்து, தையல் விட்ட இடத்தில் முடி எட்டிப் பார்த்தது. கட்டைவிரல் பக்கம் மட்டும் பழைய சிவப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதற்குக் கீழே ரோசமான சண்டைகளின் நோட்டீஸ்கள், பச்சையிலும் ரோஸிலும் மெல்லிசான காகிதத்தில். நாற்பதுக்கு மேல் போட்டோ. ஒரு நாற்பது பக்க நோட்டு, அதில் யார் யாரோடு மோதினார்கள், எத்தனை ரவுண்டு, யார் ஜெயித்தது என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார்.

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் வாத்தியார் மகனும் மூன்று அலுவலகம் ஏறி இறங்கினோம். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. யாருக்கும் மெமோ வாங்கிக் கொடுக்க இதை எழுதவில்லை. முதல் இடத்தில் "இது அவ்வளவு பழசு இல்லையே" என்றார்கள். இரண்டாவது இடத்தில் "இது எந்தச் சங்கத்தில் பதிவான போட்டி? சான்றிதழ் இருக்கா?" என்று கேட்டார்கள். ரோசத்துக்காகப் பரம்பரையும் பரம்பரையும் மோதிய சண்டைக்குச் சான்றிதழ் எங்கே போவது? ஊர் பார்த்தது, அதுதான் சான்று. மூன்றாவது இடத்தில் நல்லபடியாகத்தான் பேசினார்கள். "வெச்சுட்டுப் போங்க, மேலதிகாரி லீவு முடிஞ்சு வரட்டும்" என்றார்கள். வைத்துவிட்டு வந்தோம்.

பன்னிரண்டு நாள் கழித்துப் போனால் பெட்டி வராந்தாவில், வைத்த இடத்திலேயே இருந்தது. நடுவில் மூன்று நாள் மழை. மூடியின் ஓரத்தில் இருந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, போட்டோக்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து வாத்தியாரம்மா ஃபேனுக்குக் கீழே பாயை விரித்து, ஒவ்வொன்றாகப் பிரித்தார். மேலே இருக்கும் போட்டோவைப் பிரித்தால் கீழே இருப்பவரின் முகம் அதோடு வந்துவிடும். இடுப்பில் பெல்ட், கையில் கிளவுஸ், கால் சரியான இடத்தில். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் காகிதம். "இது யாருன்னு அவருதான் சொல்வாரு" என்று அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். கட்டில் காலியாக இருந்தது. பென்சில் எழுத்து தண்ணீருக்குத் தாங்கியது, நோட்டு தப்பித்தது. போட்டோவில் ஒன்பதுதான் தேறியது.

ஐயா, அம்மா, இதற்குத்தான் ஒரு அறை கேட்கிறேன்.

போன பிறகு தேடினால் கிடைக்காது. அமெரிக்காவில் ஹாரி கிரெப் என்று ஒரு பாக்ஸர் இருந்தார். 1923இல் மிடில்வெயிட் பட்டம் வாங்கியவர். பின்னாளில் ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்சியையே ஜெயித்த ஜீன் டன்னி, தன் வாழ்க்கையில் தோற்றது ஒரே ஒருவரிடம்தான், அது இந்த கிரெப்பிடம், 1922இல். முந்நூறு சண்டை பக்கம் போட்ட மனிதர். அவர் ரிங்கில் மோதும் படச்சுருள் ஒன்றுகூட இன்று உலகத்தில் கிடையாது. பயிற்சி செய்வது போலக் கொஞ்சம் மட்டும் இருக்கிறது. அவர் எப்படிக் குத்தினார் என்பதைப் பழைய பத்திரிகையில் படித்துத்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும். பத்திரிகையாவது அங்கே இருந்தது. எங்கள் ஆட்களுக்கு வாத்தியார் எழுதிய நாற்பது பக்க நோட்டுதான்.

அதே நாட்டில் கானஸ்டோட்டா என்று ஒரு சின்ன ஊர், நியூயார்க் மாநிலத்தில். ஐயாயிரம் பேர்கூட இல்லை, வெங்காயம் விளைகிற மண். வெங்காய விவசாயி மகனான கார்மன் பாசிலியோவும் அவருடைய சகோதரி மகன் பில்லி பேக்கஸும் அந்த ஊரிலிருந்து உலக சாம்பியன் ஆனார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைக் கொண்டாட வேண்டும் என்று ஆரம்பித்து, உலகக் குத்துச்சண்டைக்கே ஒரு காட்சியகம் அங்கே வந்துவிட்டது. 1971இல் முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் முதல் முறை மோதிய, நியூயார்க் நகரத்து மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கின் ரிங் இன்று அங்கேதான் இருக்கிறது. பெரிய பாக்ஸர்களின் முஷ்டியை அச்சு எடுத்து வைத்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வாத்தியாரின் வலது கையில் நடுவிரல் மூட்டு உள்ளே போயிருக்கும், சுண்டுவிரல் வெளியே வளைந்திருக்கும். அந்த முஷ்டிக்கு அச்சு எடுக்க நமக்கு 82 வருடம் இருந்தது.

அலி என்றதும் இன்னொன்று. 1980இல் அவர் மெட்ராஸுக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில், தன் சின்ன வயது சிநேகிதரும் முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியனுமான ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். அப்பா கடன் வாங்கி டிக்கெட் எடுத்துப் போனார். கூட்டம் முழுக்க அலியின் முகத்தைப் பார்க்க, எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டும் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அந்தப் பழைய ஸ்டேடியம் இன்று இல்லை. 1993இல் அதே இடத்தில் புதியது வந்துவிட்டது. நல்ல ஸ்டேடியம்தான், குறை சொல்லவில்லை. அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு அவர்களிடம் போய் உட்கார அரசாங்கத்தில் ஒருவரும் இல்லையா?

வடசென்னை என்றால் ரவுடி, கத்தி, கேஸ் என்றே எழுதிப் பழகிவிட்டார்கள். எங்கள் பக்கமும் தவறு உண்டு. ரிங்குக்குள் முடிய வேண்டிய ரோசம் வெளியே தெருவுக்கு வந்தது, சண்டைகளை நிறுத்தும் நிலை வந்தது. அதை மறைக்கவில்லை. அதற்காக அறுபது எழுபது வருட உழைப்பைக் காயலான் கடைக்கு அனுப்புவது என்ன நியாயம்? இந்த ஊர்க்காரர் தேவராஜன் 1994 உலகக் கோப்பையில் பாங்காக்கில் வெண்கலம் வாங்கினார், அடுத்த வருடம் அர்ஜுனா விருது. அவருக்கு முன்னால் இந்த மணலில் விழுந்து எழுந்தவர்கள் எத்தனை பேர்? கீழடியில் மண் ஓட்டுக்கும் தனி இடம் கொடுத்து, கண்ணாடிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள். போய்ப் பார்த்துப் பெருமையோடு திரும்பியவன் நான். அலங்காநல்லூர் பக்கம் ஏறுதழுவலுக்கு அரங்கமே கட்டினீர்கள். மூட்டை தூக்கியவனும் வலை இழுத்தவனும் ஆடிய ஆட்டம் என்றால் மட்டும் ஏன் சான்றிதழ் கேட்கிறீர்கள்?

கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது சின்ன விஷயம்தான். கட்டடம் வேண்டாம், திறப்பு விழா வேண்டாம். இருக்கிற ஏதாவது ஒரு அரசுக் கட்டடத்தில் ஒரு அறை, இரண்டு பீரோ, வாரத்தில் இரண்டு நாள் வந்து உட்கார ஒரு ஆள். வயதான பாக்ஸர்களின் வீட்டுக்குப் போய் அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய ஒரு டேப். நாங்கள் கூட வருகிறோம், எந்தச் சந்தில் யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். எழுபத்தைந்து தாண்டியவர்கள் எனக்குத் தெரிந்தே ஆறு பேர். அதில் ஒருவருக்கு இப்போது பேச்சு குழறுகிறது. தயவுசெய்து அவரிடம் முதலில் போவோம்.

பெட்டி இப்போது என் வீட்டில், பீரோவுக்கு மேலே, பாலித்தீன் சுற்றி இருக்கிறது. நோட்டை வாத்தியாரம்மா தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். அறை தயார் என்று நீங்கள் சொன்னால் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன்.

பணிவுடன்,
ராயபுரத்திலிருந்து ஒரு குத்துச்சண்டை ரசிகன்