மைக்ரோகண்ட்ரோலர் மாணவர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும், ஆலோசகர் ஆசிரியருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்காக இதன் படி ஒன்று ஆய்வகக் கதவில் ஒட்டப்படும்.

மாதம் ஒரு கூட்டம் நடந்தது. முதலாண்டு மாணவர்களுக்கு சால்டரிங் பயிற்சி நடந்தது. கோட்டைப் பின்தொடரும் ரோபோ போட்டி நடந்தது. ஒலியால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரின் 5 வோல்ட் எக்கோ பின்னை 3.3 வோல்ட்டில் ஓடும் இஎஸ்பி32 போர்டில் நேரடியாகச் செருகக் கூடாது, நடுவில் இரண்டு ரெசிஸ்டர் வேண்டும் என்று மூன்று முறை அறிவிக்கப்பட்டது.

செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும். கண்காட்சியில் அது விக்கல் எடுத்ததை எல்லாரும் பார்த்தீர்கள், சிரித்தீர்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பம்புக்கென்று தனி அடாப்டர் வைத்திருந்தேன். அதை ஓர் உறுப்பினர் 'ஒரே நாளைக்கு' என்று வாங்கிப்போனவர், இன்றுவரை தரவில்லை. வேறு வழியில்லாமல் பம்பையும், கருவிக்கு மூளையாக இருக்கும் ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் 5 வோல்ட்டிலேயே கட்டி, லேப்டாப்பில் செருகினோம். மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும்; ஊனோவின் யுஎஸ்பி ஃபியூஸோ 500 மில்லிஆம்பியருக்கானது. வோல்டேஜ் சரிய, சிப் ரீசெட் ஆக, பம்பு நிற்க, மறுபடி முதலிலிருந்து. நிரலில் பிழை இல்லை என்பதை இந்த அறிக்கையில் பதிவு செய்கிறேன்.

மண்ணின் ஈரம் பார்க்கும் சென்சார் விஷயத்தில் தவறு என்னுடையதுதான். மண்ணில் குத்தும் கம்பிகளுக்கு இரவும் பகலும் மின்சாரம் கொடுத்தேன். ஈரத்தில் மின்னாற்பகுப்பு நடந்து ஒரு கம்பி அரித்துப்போனது. அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் மண் காய்ந்திருப்பதாகவே காட்டியது. செடி நீச்சல் பழகியது. இப்போது அளவெடுக்கும் கணத்துக்கு மட்டும் மின்சாரம் போகிறது. பம்புக்கு வேறொரு தனி அடாப்டர் போட்டு, கிரவுண்டை (பூஜ்ய வோல்ட் கம்பியை) மட்டும் போர்டோடு பொதுவாக்கி, இரண்டு மாதமாக ஜன்னலோரம் ஓடுகிறது. போர்டு கிளம்பியதிலிருந்து மில்லிவினாடிகளை எண்ணும் மில்லிஸ் கணக்கு 49 நாள் சொச்சத்தில் பூஜ்யத்துக்குத் திரும்பிய அன்றுகூட நிற்கவில்லை. பார்க்க வந்தவர் ஆய்வக உதவியாளர் ஒருவர்தான்.

இரவல் போன 14 ஊனோவில் 9 திரும்பின. அதில் ஒன்றில் சாக்கெட் இருக்கிறது, சிப் இல்லை.

கணக்கைப் பொருளாளர் பார்த்துவிட்டார். வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். வித்தியாசம் எப்படியோ சரிக்கட்டப்பட்டது. யார் சட்டைப்பையிலிருந்து என்பதை இங்கே எழுதுவது முறையல்ல. சந்தா கட்டியவர்கள் பாதிக்கும் குறைவு.

ஆலோசகர் ஆசிரியருக்கும், ஆய்வகச் சாவி தந்தவர்களுக்கும், நிர்வாகத்துக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒதுங்கிக்கொள்வேன். வாரம் ஒருமுறை அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டால் போதும். சந்தா பாக்கிப் பட்டியல் அலமாரிக் கதவின் உள்பக்கம் இருக்கிறது. அடாப்டரைத் திருப்பி வைக்க வருபவர் அப்படியே அதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.